ஈனோக்கின் காதில் போட்ட குழாய்

அன்பு மகள் அவியாயாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் நாய்களும் சௌக்கியம். அங்கே டென்மார்க்கில் நீ படிக்கிற மும்முரத்தில் சாப்பாட்டை மறக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட டீச்சர் அந்தப் பக்கம் வருகிறாள், அவள் கையில் காய்ந்த மீனும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதை உட்கார்ந்து ரசித்துச் சொல்ல எனக்கு ஆசை. ஜெயித்துவிட்டோம் மகளே, உன் தம்பிக்குக் காது நன்றாகக் கேட்கிறது!

என் அப்பா இறந்த கையோடு பிறந்தவன் என்று, நம் ஊர் வழக்கப்படி, ஈனோக் என்ற அவர் பெயரையே இவனுக்கும் வைத்தோம், அதனால் நான் இவனை அப்பா என்கிறேன், நீ தாத்தா என்கிறாய், என் அத்தை ஹன்சினா தன் அண்ணனே திரும்பி வந்துவிட்டார் என்று அண்ணா அண்ணா என்று உருகுகிறாள். வம்பு அங்கேதான் தொடங்கியது. என் அப்பா யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத மனிதர், இவனும் திரும்பவில்லை, ஊரே பூரித்துப்போனது. 'பாத்தீங்களா, அதே முதுகு, அதே திமிரு' என்று அத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். காதில் சீழ் வடியும், மருந்து விட்டால் நிற்கும், அடுத்த சளியோடு மறுபடி வரும், இங்கே எந்தப் பிள்ளைக்குத்தான் வடியவில்லை என்று விட்டுவிட்டார்கள். நாலு வயதாகியும் வாயில் சரியாக ஒரு பேச்சு இல்லை. கேட்டால், 'எங்க அண்ணன் என்ன வாயாடியா?' என்பாள் அத்தை. நீ போனில் தொண்டை கிழியக் கூப்பிடுவாய், அவன் போனைப் போட்டுவிட்டு ஓடிவிடுவான், தம்பிக்கு என்னைப் பிடிக்கவில்லையா அம்மா என்று நீ அழுதாய், அது என் நெஞ்சிலேயே கிடந்தது.

ஒரு நாள் உன் அப்பா கடல்நாய் வேட்டையாடிக்கொண்டு கரைக்கு வந்தார், படகுச் சத்தம் கேட்டதுமே மற்ற பிள்ளைகள் பறந்தார்கள், இவன் மட்டும் கல்லோடு விளையாடிக்கொண்டிருந்தான். எப்பேர்ப்பட்ட திமிர் பிடித்தவனும் கரையிலேயே அறுத்துத் தரும் சூடான ஈரலுக்கு ஓடிவருவான். இது திமிர் இல்லை என்று அப்போதே முடிவு செய்தேன். வருடத்துக்கு ஒரு முறை வரும் காது டாக்டர் நகரத்துக்கு வந்ததும் படகில் ஏறினோம். அத்தை துறையில் வந்து வழிமறித்தாள். 'எங்க அண்ணன் காதுல ஓட்டை போடப் போறியா? அவரு உசிரோட இருந்தா கிட்டப் போயிருப்பியாடி?' என்றாள். 'போயிருப்பேன், தள்ளுங்க அத்தை' என்றேன். உன் அப்பா, இருக்கிற பிரச்சனை போதும் என்று இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டார். கடைசியில் அவளே, 'எங்க அண்ணனைத் தனியா விடமாட்டேன்' என்று தொபுக்கென்று படகில் உட்கார்ந்துவிட்டாள்.

செவிப்பறைக்குப் பின்னால் பசை போல நீர் கட்டியிருக்கிறது, தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் இவனுக்கு எல்லாம் கேட்கிறது என்றார் டாக்டர். மயக்கம் கொடுத்து, நீரை உறிஞ்சிவிட்டு, காற்றுப் போக ஒரு கடுகளவு குழாயை இரண்டு காதிலும் வைத்தார். எங்கள் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. குடும்பத்தில் பெரியவர்கள் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். அத்தை சட்டென்று, 'எங்க அண்ணனுக்குச் சின்னதுல தலகாணியெல்லாம் சீழ்தான்' என்றாள், சொன்னவள் என் பக்கம் திரும்பினாள். 'அப்ப அவரு என்னைக் கண்டுக்காம இருக்கலையா? கேக்கவே இல்லையா?' என்று என்னைக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும்போது இன்ஜின் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டில் காப்பிப் பாத்திரம் உஸ்ஸென்றதும், 'யாரு?' என்று அதனிடமே கேட்டான். மறுநாள் ஊருக்கே காப்பியும் கேக்கும் கொடுத்தோம், கூட்டத்தில் நிற்க இடமில்லை. அத்தை வாசலில் நின்று, கத்தவில்லை, வாய்க்குள்ளேயே 'அண்ணா' என்றாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவன் திரும்பினான். 'என்ன?' என்றான். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரிப்பும் அழுகையுமாக, 'பொறந்ததுலேருந்து கூப்பிடுறேன்டி, இன்னிக்குத்தான் எங்க அண்ணன் திரும்பினாரு' என்றாள்.

குழாய் ஒரு நாள் தானாக விழுந்துவிடுமாம், மறுபடி நீர் கட்டினால் மறுபடி போடுவார்களாம். போடட்டும், இனி படகை அவிழ்ப்பதே அத்தையாகத்தான் இருக்கும். நீ நோய் நொடியில்லாமல், நினைத்ததை முடித்து, சிரித்த முகமாக வீடு வந்து சேர எங்கள் எல்லோருடைய ஆசீர்வாதமும் உனக்கு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், உன் தாத்தா பேசக் காத்திருக்கிறார். கத்தாதே, மெதுவாகவே பேசு.

உன் அம்மா,
பொலெத்தா