சித்தப்பா காட்டிய முகம்

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

பேரக்குழந்தையின் வால் எலும்பில் இருந்தது பிறவிக் கட்டி, மிக அரிதானது, அது வந்தது யாருடைய குற்றமும் அல்ல என்றார் அறுவை மருத்துவர். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்திருக்கும் என்றும், சொல்லியிருந்தால் பெரிய மருத்துவமனையில் சிசேரியன் செய்து காப்பாற்றியிருக்கலாம் என்றும் அவரேதான் சொன்னார். பிரசவத்தில் கட்டி உடைந்து, அந்தச் சிறு உடம்பின் இரத்தம் முழுவதும் அதன் வழியே போய்விட்டது.

அந்த ஸ்கேனை எடுத்தவன் நீ. "சித்தப்பா பாத்தா எனக்குப் பயமே இல்ல" என்று சிரித்துக்கொண்டே படுத்தாள் என் மகள். நீ திரையை அவள் பக்கம் திருப்பி முகத்தை மட்டும் காட்டி, "தாத்தா மூக்கேதான், பாவம்" என்று கேலி செய்தாய். பிணவறை வாசலில்தான் என்னிடம் வாய் திறந்தாய்: "அப்பவே சின்னதா தெரிஞ்சுதுண்ணா. புள்ள பயந்துடுவாளேன்னு விட்டுட்டேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

உன் பாசத்தை நான் மறுக்கவில்லை. அதன் விளைவைத்தான் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

அவளுக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. நேற்று உன் அண்ணியிடம் கேட்டாள்: "நான் பீரோவை நகர்த்துனேனே, அதனால வந்துதாம்மா? சித்தப்பா பாத்தப்போ இல்லையே."

நான் சொல்லிவிடலாம். ஆனால் அவள் நம்புவது உன்னை. ஞாயிற்றுக்கிழமை வா. எதிரில் உட்கார்ந்து நீயே சொல். போகச் சொன்னால் போ. அழுதால், அழுது முடியும்வரை இரு.

இன்னமும் உன் அண்ணனாகவே கையெழுத்திடும்,
நான்.