ஏழு முறை முட்டினால்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலில்லாக் குரங்கின் வணக்கம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

"விளையாடியே உருப்படாமப் போகப்போறே" என்றீர்களே, விளையாடியே ஜெயித்துவிட்டோம்! நான் பரீட்சைக்குப் படிக்காமல் ஆடினேனே, ஊரே கொண்டாடிய அந்த ரோல் பிளேயிங் கேம், கதையில் வரும் வீரனாக நாமே மாறி ஆடுவது, அதன் இரண்டாம் பாகத்தை யார் செய்வது என்று எங்கள் குட்டி ஸ்டுடியோவுக்கும் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கும் போட்டி. தோற்றால் எங்கள் கதவுக்குப் பூட்டு, எனக்கு ஊருக்கு டிக்கெட்.

முடிவு சொல்ல வேண்டியவர் முதல் பாகத்தை எழுதிய அம்மையார். நேற்று இரண்டு ஸ்டுடியோவும் செய்துவைத்த மாதிரி கேம்களை ஆடிப் பார்த்தார். வழியில் போகாமல் சுவர்களில் போய் முட்டினார். பெரியவர்களின் மாதிரியில் மூன்றாவது சுவரிலேயே வீரன் ஓட்டை வழியாக விழுந்து காணாமல் போனான். எங்கள் சுவர் அசையவில்லை. சுவரில் முட்டி ஓட்டை தேடுவதுதானே என் உத்தியோகம்!

ஆனால் விளையாட்டாக நான் உள்ளே வைத்த ஒரு குறும்பை எடுக்க மறந்திருந்தேன். ஏழாவது முட்டில் ஜன்னல் திறந்தது. ஒரு மீசைக்காரர் எட்டிப் பார்த்தார். "கதவுன்னு ஒண்ணு எதுக்குடா வெச்சிருக்கு?" என்று திரையில் எழுத்து ஓடியது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

அம்மையார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த மீசைக்காரரு கண்டிப்பா வேணும். கேம் உங்களுக்குத்தான்!"

"டேய் வாலு, உன்னை நாளைக்கு வேலையை விட்டுத் தூக்கறேன்" என்று முதலாளி என்னை அப்போதே தூக்கிச் சுற்றினார்.

மீசை யாருடையது என்று தெரிந்திருக்குமே? அந்த வசனத்தை உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள். கையோடு பத்து நிமிடம் என்னையும் திட்டிவிடுங்கள். அது கேமுக்கு இல்லை.

முதலாளி கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள்
வாலு