பொதுக்கொட்டிலின் விதைநெல்

1979 ஐப்பசி 4

எல்லாம் எல்லாருக்கும் என்று பேசித்தான் பண்ணையின் பன்னிரண்டு குடும்பமும் விதைநெல்லை ஒரே கொட்டிலில் சேர்த்தோம். இன்று விதைப்புக்காக அதைத் தண்ணீரில் போட்டால் பாதிக்கு மேல் பதராக மிதக்கிறது.

“பாக்கியம், உன்ர வேலைதானே?” என்று பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுக்காரியைக் கேட்டேன். என் மகளின் கலியாணத்துக்கு வராதவள் அவள், நான் மறக்கவில்லை.

“ஓம் ஆச்சி. மற்ற ஆக்களும் பதரைத்தான் கொட்டுவினம் எண்டு நினைச்சனான். நீங்கள் மட்டும் நல்ல நெல்லையோ கொட்டினீங்கள்?”

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நானும் அப்படித்தான் செய்தேன். நல்ல நெல் இரண்டு மூட்டை என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மழைக்கு முன் விதைக்காவிட்டால் பண்ணையே கலைந்துவிடும். நான் முதலில் கொண்டுபோனால் மற்றவர்களும் கொண்டுவருவார்கள். பாக்கியம் கொண்டுவராவிட்டால்?

நாளை ஒரு மூட்டையை மட்டும் கொண்டுபோவேன்.