தோக்யூ முகத்தைக் காட்டிய காலை

குன்சானிலிருந்து

அன்புள்ள மூத்தவன் சுங்வோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அந்த வான்கூவர் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன். கொரோனா தணிந்து பள்ளி திறக்கப் போகிறார்கள் என்றதும் உன் தம்பி தோக்யூ மட்டும், நான் வரவில்லை, இப்படியே கம்ப்யூட்டரில் படிக்கிறேன் என்று வகுப்பு முழுக்கக் கேட்க ஆசிரியரிடம் சொன்னான். சோம்பேறி என்று நானும் திட்டினேன். வீட்டிலிருந்து படித்த காலத்தில்தான் கணக்கில் முதலாவதாக வந்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

போன செவ்வாய் சாயங்காலம் நம் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் குப்பை கொட்டப் போனவனை வகுப்புப் பையன்கள் மூன்று பேர் மடக்கினார்கள். "என்னடா, திரைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா விட்ருவோமா?" என்று அவர்களில் கிஜுன் என்பவன் கத்தியது அடுப்படிவரை கேட்டது. நான் கதவைத் திறப்பதற்குள் காலி பீர் பெட்டியால் முகத்தில் அடித்துவிட்டான். தம்பி கீழே கிடக்கிறான், மற்ற இருவரும் விலாவில் உதைக்கிறார்கள், அவன் கத்தக்கூட இல்லை, பழகிப்போனவன் மாதிரி தலையை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தான். கையில் இருந்த அகப்பையோடுதான் ஓடினேன், அதிலிருந்த கொதிக்கும் மீன் சாறு கிஜுன் தோளில் கொட்டியது. திரும்பி என் கழுத்தைப் பிடித்தான். அந்த இரும்பு அகப்பையாலேயே அவன் மணிக்கட்டில் போட்டேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "ஏய் பொம்பள, ஒன் கடையக் கொளுத்துறேன் பாரு" என்று அலறிக்கொண்டே ஓடினான்.

தம்பிக்கு முன்பல் இரண்டு போய்விட்டது, புருவத்தில் தையல். ஒருநாளும் கேமராவைத் திறக்காதவன் மறுநாள் காலை வகுப்பில் திறந்தான். "சார், படிக்க மாட்டேன்னு சொல்லல. அங்க வந்து படிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றான், வாய் வீங்கி வார்த்தை குழறியது. அப்புறம் ஊன்பி என்றொரு பெண், "பள்ளி மூடுறதுக்கு முன்னாடி கிஜுனும் அவன் கூட்டாளிகளும் கழிப்பறையில இவன் தலையத் தண்ணிக்குள்ள அமுக்குனாங்க சார், நான் பாத்தேன், பயத்துல சொல்லல" என்று அழுதாள். பிறகு இன்னொருவன், எனக்கும் அதே நடந்தது, நானும் வரமாட்டேன் என்றான்.

அடித்த மூவரையும் வேறு பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். கிஜுனின் அப்பா என்மேல் புகார் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் போலீஸ் நிலையம் போகவேண்டும். வருத்தமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். இனி பயமில்லையே, வரலாமே என்று ஆசிரியர் கூப்பிட்டார். "அந்தப் பள்ளிக்கூடச் சுவரப் பாத்தாலே விலா வலிக்குதும்மா" என்கிறான் தம்பி. வீட்டிலிருந்தே படிக்கிற பள்ளியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ விமானம் ஏறி வந்துவிடாதே, உன் கை சும்மா இராது என்று எனக்குத் தெரியும், உடைந்த எலும்பு ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அவனைக் கூப்பிடு. பல் இல்லாமல் சிரிப்பான், அழுதுவிடாதே, நீயும் சிரி. யார் கையும் படாமல் நீ நூறு வருஷம் இருக்கவேண்டும்.

உன் அம்மா,
கியங்நான்