இரண்டாகப் பிரிந்த பொட்டு

அத்தான்,

இன்று ஆயுத பூசை. காலையிலேயே சந்தனம் அரைத்துவிட்டேன். அந்த வாசனை வீட்டுப் பட்டாசாலைக் கூடத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சந்தனம் மணந்தால் சாமி ஞாபகம் வரும். எனக்கு நம் மிஷின் மக்கர் பண்ணிய கதைதான் வருகிறது.

தொண்ணூறுகள் முடியப்போகும் நேரம், நமக்குக் கல்யாணமான வருஷம். மில் வேலையை விட்டுவிட்டு, மதுரைப் பழைய சாமான் கடையில் மோட்டார்களை வாங்கி, கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தில் எழுத்து வெட்டும் மிஷினை வீட்டிலேயே கட்டினீர்கள். என் அப்பாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை. தலைதீபாவளிக்கு அழைக்க வரும்போது அவருடைய புது வீட்டுக்கு மிஷின் பெயர்ப்பலகை வெட்டிக் காட்ட வேண்டும்; இல்லையென்றால் அவர் சொல்லிவைத்திருக்கும் மெட்ராஸ் வேலைக்கு நாம் கிளம்ப வேண்டும் என்று பேச்சு. நீங்களும் ரோஷமாகத் தலையாட்டிவிட்டீர்கள். இந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனசே இல்லை.

ஆயுத பூசைவரை ஒழுங்காக ஓடிய மிஷின் அதற்கப்புறம் படுத்தத் தொடங்கியது. நீளவாக்கில் போகும், குறுக்குவாக்கில் திடீரென்று நின்றுவிடும். அடுத்த தடவை ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். வயரை ஆட்டிப் பார்த்தீர்கள். இரண்டு மோட்டார் வயரையும் மாற்றிச் சொருகினீர்கள். அப்போதும் குறுக்குவாக்குதான் சண்டித்தனம் பண்ணியது. பக்கத்து வீட்டுக் கிரைண்டரால் கரண்டு குறைகிறது என்று, அவர்களை மாவரைக்கும் நேரத்தையே மாற்றச் சொன்னீர்கள். அந்த அக்கா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அப்பா பாபநாசம் பஸ்ஸில் வந்து இறங்கி, மிஷினுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். 'சங்கரலிங்கம்' என்ற அவர் பெயரில் முதல் இரண்டு எழுத்து அழகாக வந்தது. அடுத்த எழுத்து அகலமே இல்லாமல் வெறும் கோடாக விழுந்தது.

"என்ன மாப்ள, என் பேரக் கோடு போட்டு அடிச்சிட்டிய?"

"மோட்டார் சுத்துது மாமா. சத்தம் கேக்குதுல்லா..." உங்கள் குரல் இறங்கிப் போயிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. குனிந்து பார்த்தேன். மோட்டார் தண்டையும் குறுக்குச்சட்டத்தை நகர்த்தும் திருகுமரைத் தண்டையும் ஒரு பித்தளைக் குழாய் சேர்த்துக் கவ்வியிருக்கும் அல்லவா? பூசையன்று அந்தக் குழாயின் விளிம்பில், மோட்டார் தண்டையும் தொட்டாற்போல் ஒரு பொட்டு வைத்திருந்தேன். இப்போது பாதிப் பொட்டு குழாயில் மேலே இருந்தது. மறுபாதி தண்டோடு கீழே போயிருந்தது.

"அத்தான், இங்கன பாருங்க. பொட்டு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு."

பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பூசைக்காக மிஷினைப் பிரித்துத் துடைத்தபோது, துருப்பிடிக்கக் கூடாதென்று ஒரு திருகு விடாமல் தேங்காயெண்ணெய் தடவியது நீங்கள்தானே! தண்டையும் விடவில்லை. சும்மா ஓடும்போது குழாய் பிடித்துக்கொள்ளும்; வெட்டுமுனை மரத்தில் அழுந்தினால் வழுக்கிவிடும். மோட்டார் பாட்டுக்குச் சுற்றும், சட்டம் நகராது. எல்லாவற்றையும் கழற்றி, பூசை அலமாரி விபூதியைப் போட்டுத் தேய்த்து எண்ணெயை எடுத்து, துணியால் துடைத்து இறுக்கினீர்கள். புதுப் பலகையில் பெயர் முழுசாக வந்தது. அப்பா அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. இனிஷியல எங்க காணும்?"

மெட்ராஸ் பேச்சு அத்தோடு போயிற்று. அதே இடத்தில் நீங்களே புதுப் பொட்டு வைத்தீர்கள். விரலில் மிஞ்சியதை, அப்பா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், என் நெற்றியில் வைத்து, "வீணாக்கப்படாதுளா" என்றீர்கள். பிறகு வருஷம் தவறாமல் அதே பொட்டு, அதே பேச்சு.

நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் ஆயுத பூசை இது. ரொம்பத் தேடுகிறது, அத்தான். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் பொட்டு வைத்தேன். விரலில் கொஞ்சம் மிஞ்சியது. உங்கள் அக்கா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நெற்றியில் வைத்துக்கொண்டேன். வீணாக்கக் கூடாதல்லவா?