ஐம்பத்தொன்றாவது குச்சி

மகளுக்கு,

இதுவரை மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழ வேண்டும்போல் இருக்கிறது.

ஈஸ்டர் அன்று நீ அந்தக் கழுகுமலைக்காரனோடு பஸ் ஏறியபோது, ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தேக்குள் திரும்பாவிட்டால் எனக்கு மகளே இல்லை என்று கத்தினேன். நாள் பிசகக் கூடாதென்று, ஐம்பது குச்சி உள்ள தீப்பெட்டியில் தினம் ஒன்றை எடுத்து எறிந்தேன்.

நேற்று பெந்தெகொஸ்தே. ஐம்பதாவது குச்சியை எறிந்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். முதல் கதிர்க்கட்டைக் கர்த்தருக்குப் படைத்த பிறகு யூதர்கள் ஐம்பது நாள் எண்ணி அறுப்புப் பண்டிகை கொண்டாடினார்கள், நம் எண்ணிக்கையும் அதுதான் என்று பிரசங்கம் செய்தேன். அவர்கள் எண்ணியது விளைச்சல் வீடு வருவதற்காக என்று சொன்னதும், மீதியை விட்டுவிட்டுப் பாட்டை அறிவித்தேன்.

வீட்டுக்கு வந்தால் பெட்டியில் ஒரு குச்சி! உன் அம்மாமேல் எரிந்து விழுந்தேன்.

"என்னத்துக்குக் கத்துதீய? பெட்டிக்கு ஒண்ணு கூடக் குறைய இருக்கத்தான் செய்யும்" என்றாள். இருபது வருஷமாகத் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறவள். அவள் கைக்கு எண்ணிக்கை தப்பாது.

அதையும் எறிந்தேன். இன்று காலை திறந்து பார்த்தேன். மறுபடி ஒன்று.

நான் கேட்கவில்லை. எறியவும் இல்லை. பெட்டியில் இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

அப்பா