பிபாவுக்குப் பிறகு எந்த நாய்?

மார்ச் 9

சூப் ஆறிப்போகும்வரை சண்டை. நான் லகோட்டோ இனம் என்றேன், என் வீட்டுக்காரன் லீவியோ ஸ்பானியல் என்றான். "சுருட்டை முடி நாய். முள்ளு, சருகு எல்லாம் ஒட்டிக்கும். யாரு உக்காந்து எடுக்கறது?" யார் எடுப்பதா? பிபாவின் காதில் ஒட்டின முள்ளையெல்லாம் இத்தனை வருடம் யார் எடுத்தார்களாம்? ஐயா நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஒயின் குடிப்பார், நான் தரையில் உட்கார்ந்து எடுப்பேன். இப்போது வந்துவிட்டான் கேள்வி கேட்க.

பிபா செத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. எங்கள் ஓக் தோப்பின் கீழ்ச்சரிவில், என் மடியில், வாயில் நுரை தள்ளித் துடிதுடித்துச் செத்தாள். விஷம் வைத்த இறைச்சி. இந்தப் பக்கத்தில் ட்ரஃபிள் எடுக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மண்ணுக்கடியில் கிடக்கிற அந்தக் காளானை மனுஷ மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தோப்புக்காரனின் நாயைக் கொன்றுவிட்டால் அவன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பக்கத்துத் தோப்பு யாருடையது? பெப்போவுடையது. ஊருக்கே தெரியும்.

செப்டம்பரில் வெள்ளை ட்ரஃபிள் பருவம். அதற்குள் ஒரு நாய் பழகியாக வேண்டும். எனக்கு அது பிழைப்பு மட்டுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாயோடுதான் அந்தக் காட்டில் நடந்திருக்கிறேன். பிபா போன பிறகு அங்கே கால் வைக்கவே முடியவில்லை. இப்படியே விட்டால் இனி எப்போதுமே போகமாட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 11

ரொட்டிக் கடையில் பெப்போ. "சௌக்கியமா லொரேத்தா?" என்று தொப்பியைத் தொட்டான். ஜனவரியில் இதே கடையில் அவனைக் கொலைகாரன் என்று கத்தினேன், போலீஸ்கூட அவன் வீட்டைச் சோதித்தது. திமிர்! ரொட்டியைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 20

சரி, நிதானமாக யோசிப்போம்.

லகோட்டோ இந்த வேலைக்கென்றே பிறந்த இனம். மூக்கைத் தரையிலிருந்து எடுக்காது. மான் ஓடினாலும் திரும்பிப் பார்க்காது. ஆனால் பிடிவாதம் அதிகம். வேலை கொடுக்காமல் ஒரு வாரம் வைத்திருந்தால் தோட்டத்தைக் கிணறாக்கிவிடும். முடி கொட்டாது, ஆனால் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழக்கினவரிடம் உயிரை வைக்கும், மற்றவர்களைச் சட்டை பண்ணாது.

ஸ்பானியல் வேறு மாதிரி. ஸ்பிரிங்கர் என்கிறார்கள், பேருக்கேற்ற மாதிரி வீட்டுக்குள்ளேயே துள்ளும். வேகம். மிர்னா ஆற்றில் தண்ணீரைக் கண்டால் குதித்துவிடும். காட்டுக்கோழி பறந்தால் பின்னாலேயே ஓடும். போகிற வருகிறவர்களையெல்லாம் நக்கும். சோபா முழுக்க முடி.

இரண்டுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டம் வேண்டும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, லகோட்டோதான்.

மாலையில் லீவியோவைச் சும்மா சோதித்துப் பார்த்தேன். "சரிப்பா, உன் இஷ்டம். ஸ்பானியலே வாங்குவோம்" என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. "ஸ்பானியலா? அது காட்டுக்கோழி பின்னால ஓடிடுமே. யோசிச்சுப் பாத்தா லகோட்டோவே பரவாயில்ல போல."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தட்டை அப்படியே தொட்டியில் போட்டேன். உடைந்துவிட்டது. என்ன விளையாட்டு இது? நான் வலது என்றால் இடது, இடது என்றால் வலது!

ஏப்ரல் 2

"ஒரு வருஷம் போகட்டுமே" என்கிறான் இப்போது. ஒரு வருடமா! கீழ்ச்சரிவில் பெப்போ ராஜா மாதிரி தோண்டிக்கொண்டு போகட்டும், நாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம், அதுதானே? "நீ கூட வரலேன்னா நானே போறேன்" என்று சொல்லிவிட்டேன். எழுந்து தோப்புக்குப் போய்விட்டான். தினமும் போகிறான். நாய் இல்லாமல் அங்கே என்னதான் வேலையோ.

ஏப்ரல் 12

புயே ஊர்ப் பக்கம் மிராந்தா வீட்டுக்குப் போனேன். நாய்களைப் பழக்கி விற்கிறவள். ஆண்பிள்ளை மாதிரி உடம்பு, வாயைத் திறந்தால் நிறுத்தமாட்டாள். ஒரு லகோட்டோ பெண் நாயும் ஒரு ஸ்பானியல் ஆண் நாயும் வைத்திருந்தாள். லகோட்டோ ரீசா, ஸ்பானியல் டாங்கோ. இரண்டும் ஒரு வயதுக் குட்டிகள்.

என் கையில் ஒரு துண்டு சாசேஜைக் கொடுத்து, குடலில் அடைத்த இறைச்சிதான், "புல்லுல எங்கயாவது போடு" என்றாள். போட்டேன். ரீசா வந்தது, மோந்தது, தாண்டிப் போய்விட்டது. பிறகு மிராந்தா ஒரு துண்டைக் கொஞ்ச தூரத்தில் போட்டாள். ரீசா நேராகப் போய் அதைத் தின்றது!

"முகத்தையா பாக்குது? வாசனைதான்மா. பழக்கின கை பட்டிருந்தாத்தான் தொடும். நீ தங்கத்தட்டுல வச்சுக் கொடுத்தாலும் தொடாது" என்று மார்தட்டிக்கொண்டாள் மிராந்தா.

டாங்கோ இரண்டு துண்டையும் மிதித்துக்கொண்டே ஓடினான். அவனுக்கு மிராந்தாவின் பையிலிருந்த பந்துதான் வேண்டும். "இவனுக்குச் சோறு தண்ணி வேணாம், பந்து போதும். பைத்தியம்!" என் முழங்கை வரை நக்கிவிட்டான் கழுதை. நன்றாகச் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று அப்படிச் சிரித்து.

ரீசாவுக்கு முன்பணம் தருகிறேன் என்று வாய்வரை வந்தது. லீவியோவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று வந்துவிட்டேன். இப்படி ஒரு நாய் என்னிடம் இருந்திருந்தால், பெப்போ எத்தனை விஷம் வேண்டுமானாலும் வைத்துப் பார்த்திருக்கட்டுமே!

ஏப்ரல் 13

இல்லை.

பிபாவும் அப்படித்தான் இருந்தாள். நான்தானே பழக்கினேன். ஊர்த் திருவிழாவில் யாரோ அவள் காலடியில் பன்றிக்கறித் துண்டை எறிந்தார்கள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே. பெப்போவைக் கண்டால் உறுமுவாள். அவன் கை பட்ட இறைச்சியை அவள் எப்படித் தின்றாள்?

எங்கள் இரண்டு பேர் கையிலிருந்துதான் வாங்குவாள். நான் கையில் கொடுப்பேன். லீவியோ குழியோரத்தில் தரையில் போடுவான், குனியச் சோம்பல்.

எழுதவே கை வரவில்லை. இது கண்டபடி யோசிக்கிற புத்தி. பெப்போ எங்கள் வீட்டுத் துணி எதையாவது திருடி, எங்கள் வாசனை ஏற இறைச்சியை அதில் புரட்டியிருப்பான்.

ஏப்ரல் 14

கால்நடை மருத்துவர் சான்யாவுக்குப் போன் செய்தேன். பிபா வயிற்றில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அன்னைக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. வீட்டுல செஞ்ச சாசேஜ். பூண்டு, ஒயின் வாசனை அப்பிடியே இருந்துச்சு. உங்க ஊர்ல எல்லாரும்தானே செய்றாங்க, அத வச்சு யாருன்னு சொல்ல முடியாதுன்னும் சொன்னேன்."

லீவியோ என்னிடம் மாட்டிறைச்சித் துண்டு என்றல்லவா சொன்னான்!

கொட்டகைக்குப் போனேன். கம்பி கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு வச்ச?" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கம்பியைக் கீழே வைத்தான். நான் நகரவில்லை.

"பெப்போ நாய்க்கு" என்றான். "வெடிகாலையில நம்ம சரிவுல வந்து தோண்டிட்டுப் போறான்டி. எத்தன வருஷம் பொறுக்கறது? உன்ன மேல்பக்கம் போன்னு சொன்னேனே அன்னைக்கு, சொன்னேனா இல்லையா?"

"மேல்பாத பூரா சேறு! அதான் கீழ போனேன்! அப்ப என் மேலயா தப்பு?"

"ஐயோ, இல்லடி... மூணு எடத்துல வச்சேன். ஒண்ண எடுத்துட்டேன். இன்னொண்ணு கெடைக்கல. தெனம் தேடறேன். அதான் நாயே வேணாம்னு..."

எந்த நாய் என்பதே இல்லை அவனுக்கு. எதுவுமே வரக்கூடாது. அதற்குத்தான் முள், முடி, காட்டுக்கோழி என்று இத்தனை நாடகம்.

நான் ரொட்டிக் கடையில் பெப்போவைக் கொலைகாரன் என்று எல்லார் முன்னாலும் கத்தினபோது பக்கத்தில்தானே நின்றான்? போலீஸ் பெப்போ வீட்டைப் புரட்டிப்போட்டபோது ஜன்னலோரத்தில் என்னோடு நின்று பார்த்தான். பெப்போவின் மனைவி கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அதையும் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பிபாவுக்குக் குழி தோண்டினதும் இவன்தான். அழுதுகொண்டே தோண்டினான். பாவம் என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேனே, நான்!

அந்நியன் கையை நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நம்பவில்லை. வீட்டுக் கையை நம்பினாள்.

ஏப்ரல் 15

மாடி அறையில் படுக்கச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 19

பெப்போ வீட்டுக்குப் போனேன். கதவை அவர்தான் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்கமாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது துண்டு இன்னும் கிடைக்கவில்லை, உங்கள் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள் என்பதையும் சொன்னேன்.

ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். பிறகு, "என் வாசப்படியில வச்சுச் சொல்லாத லொரேத்தா. எங்க வச்சுக் கத்தினியோ அங்க வச்சுச் சொல்லு" என்றார்.

நியாயம்தானே. வீட்டுக்கு வந்து லீவியோவிடம், "நான் சொன்னது பொய்யி. உண்மை உனக்குத்தான் தெரியும், நீயே வந்து சொல்லு. இல்லேன்னா இந்த வீட்டுல நான் இருக்கமாட்டேன்" என்றேன். வந்தான். ஞாயிற்றுக்கிழமை, கடை நிறையக் கூட்டம். ரொட்டி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பெரிய சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது. கடைக்காரி தராசில் வைத்த கையை எடுக்கவேயில்லை.

பெப்போ அவன் முன்னால் வந்து நின்றார். நான் அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "நீ கொல்லப் பாத்த நாய்க்கு ஒரு பேரு இருக்கு. லோலா. தெரிஞ்சுக்க" என்றார். அவ்வளவுதான். ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அங்கிருந்து போலீஸ் நிலையத்துக்கு நானே வண்டி ஓட்டினேன். லீவியோவின் ட்ரஃபிள் அனுமதியை எடுத்துவிடுவார்கள் என்றார்கள். எடுக்கட்டும்.

மே 3

ரீசாவைக் கூட்டிவரத்தான் போனேன். மிராந்தா கயிற்றைக் கையில் கொடுத்தாள். ரீசா என் கையை மோந்தது, மெதுவாக, ஒரு விரல் விடாமல். இந்தக் கையைத்தான் இனி நம்பு என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். இதே மாதிரிதான் பிபாவும் மோந்தாள். என்னால் முடியவில்லை. கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"டாங்கோவைத் தா" என்றேன்.

"அடி போடி! மூணு வாரமா லகோட்டோ லகோட்டோன்னு உயிர வாங்கின!"

"இவன் காட்டுக்குள்ள எதையும் திங்கமாட்டான்ல?"

"பந்து கண்ணுல பட்டா அவங்கம்மாவையே மறந்துடுவான்."

போதும் எனக்கு. வண்டியின் பின் இருக்கை முழுக்க இப்போதே முடி.

ஜூலை 21

ட்ரஃபிள் நாய்க்குத் தீனிக்குப் பதில் பந்தா என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும்! மேல்சரிவில் மட்டும்தான் பழக்குகிறேன். இரண்டு தடவை காட்டுக்கோழி பின்னால் ஓடினான், ஒரு தடவை ஆற்றில் குதித்தான். தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் இன்று புதைத்து வைத்த சின்ன ட்ரஃபிள் துண்டு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தான். பந்தை எறிந்தேன். சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு வந்து என் மேலேயே விழுந்தான்.

லீவியோ கீழ்ச்சரிவில் மண்வாரியால் சருகைக் கிளறிக்கொண்டிருந்தான். ஒரு நாள் விடாமல் கிளறுகிறான். நான் பேசுவதில்லை.

டாங்கோ மட்டும் அவனைப் பார்த்தால் வாலை ஆட்டுகிறான். அந்த மூளைகெட்ட நாய்க்கு உலகத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

செப்டம்பர் 20

பருவம் தொடங்கி எல்லாரும் காட்டில். அந்த மூன்றாவது துண்டு கிடைக்காமல் எங்கள் கீழ்ச்சரிவு மட்டும் சும்மா கிடக்கிறது. பெப்போவும் லோலாவை அந்தப் பக்கம் விடவில்லை. இத்தனைக்கும் காரணம் என் வீட்டுக்காரன்.

செப்டம்பர் 27

மத்தியானம் லீவியோ ஓடிவந்தான். முழங்காலெல்லாம் மண். "லொரேத்தா, கெடச்சிருச்சு! ராத்திரி மழையில மேல வந்திருச்சு, வேருக்கடியில!" கையில் ஒரு பிளாஸ்டிக் பை, முடிச்சுப் போட்டது. கையுறையைக் கழற்றிப் பாதி பாக்கெட்டில் சொருகியிருந்தான். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு சிரிப்பு.

அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கோ முற்றத்தைத் தாண்டி அவனிடம் பாய்ந்தான், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு. லீவியோவும் பழக்கத்தில் கையை நீட்டினான்.

"கைய எடுடா!"

எனக்கே தெரியாத குரல். லீவியோ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். டாங்கோ அவன் நெஞ்சு வரை துள்ளுகிறான், இது ஏதோ புது விளையாட்டு என்று. நான் ஓடிப்போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். லீவியோவின் வாய் கோணிக்கொண்டு போனது. தான் என்ன செய்யப் பார்த்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பையை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினோம், போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போகும். பிறகு சட்டையைக் கழற்றி எறியச் சொன்னேன். குழாயடியில் நிற்க வைத்தேன்.

"சோப்பு போட்டுக் கழுவு."

கழுவினான்.

"இன்னொரு தடவ."

கழுவினான்.

"நகத்துக்குள்ள. இன்னொரு தடவ."

கண்ணீர் வழிய வழியத் தேய்த்தான். கை சிவந்துவிட்டது. டாங்கோ என் பிடியில் நெளிந்து நெளிந்து முனகிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பட்டையை விட்டேன்.

நாளைக் காலையில் கீழ்ச்சரிவுக்குப் போகிறேன்.